நீண்ட வழி, குறைந்த நேரம்

தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு வழி எது என்று நம் மாணவர் ஒருவரைக் கேட்டால், சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஐரோப்பா, அட்லாண்டிக் பெருங்கடல், அமெரிக்கா என்று மேற்கு நோக்கிக் கோடு இழுப்பார். படம் தட்டை, பூமியோ உருண்டை. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் திபெத்து, சைபீரியா ஆகியவற்றின்மேல் ஏறி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியே இறங்கும். நீளம் ஏறத்தாழ 12,400 கி.மீ.

அந்த நேர்வழியே விமானம் செல்வதற்கு இமயமும் திபெத்தும் தடை. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், விமானி சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே அதைவிட உயரம்! ஆகவே ஏர் இந்தியா விமானம் முதலில் அட்லாண்டிக் வழியாகவே ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்து வந்தது.

2016 அக்டோபரில் அது திசையை மாற்றிற்று. கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் கடந்து, ஏறத்தாழ 15,300 கி.மீ. பறந்தது. தூரம் 1,400 கி.மீ. கூடிற்று, நேரமோ இரண்டு மணி அளவு குறைந்து, பதினான்கரை மணி ஆயிற்று. கணக்குப் போட்டால் மணிக்குச் சராசரி 1,055 கி.மீ.! விமானம் காற்றோடு ஒப்பிட்டுத் தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றோட்டத்தில் போகும் பரிசலுக்குத் துடுப்பு பாதி, நீர் பாதி அல்லவா?

பூமிக்கு மேல் பத்துக் கி.மீ. அளவில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு இது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். ஓயிஷி என்ற ஜப்பானிய அறிஞர் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று எண்ணித் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். படித்தவர் மிகச் சிலரே. 1944-இல் ஜப்பான்மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானிகள் இக்காற்றில் சிக்கித் திகைத்தனர்.

கடிகாரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. கோடையில் சான்பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி பின்தங்கியது. தில்லியில் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டுப் பதினான்கரை மணி பறந்தால், அங்கே அதே நாள் காலை ஆறு மணி!

மலையும் காற்றும் போதா என்று அரசுகளும் வழியை நீட்டுகின்றன. 2019-இலும் 2025-இலும் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியது. 2025-இல் தில்லியிலிருந்து வட அமெரிக்கா சென்ற ஏர் இந்தியா விமானங்கள் சில, எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிச் சென்றன. மேற்படிப்புக்காகச் செல்லும் நண்பர்களே, சீட்டு வாங்குமுன் இவ்வாண்டு விமானம் எவ்வழி போகிறது என்று கேளுங்கள். அடுத்த விமானத்தைப் பிடிக்க இரண்டு மணி நேரம் போதுமா என்பது அதைப் பொறுத்தது.