கலாபகஸ் தீவுகளில் காட்டுயிர் காணல்: பயணத் திட்டமிடல்

கலாபகஸ் தீவுகள் பசிபிக் பெருங்கடலில், தென் அமெரிக்கக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவில், நிலநடுக்கோட்டையொட்டி அமைந்துள்ள எரிமலைத் தீவுக்கூட்டம் ஆகும். எக்குவடோர் நாட்டைச் சேர்ந்த இத்தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு, 1959 இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவினுள் அடங்குகிறது. 1978 இல் இவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயின.

இங்குள்ள விலங்குகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. கடற்சிங்கம் படகுத்துறை இருக்கையிலேயே படுத்து உறங்கும். இந்த அச்சமின்மையே ஒரு காலத்தில் அவற்றின் அழிவுக்கு வழிவகுத்தது. உணவும் நீருமின்றிப் பல மாதம் உயிர்வாழக்கூடிய இராட்சத ஆமைகளை, 19 ஆம் நூற்றாண்டின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பல்லாயிரக்கணக்கில் உயிருடன் ஏற்றிச் சென்றன. பின்டா தீவின் ஆமையினம், 'தனியன் ஜார்ஜ்' எனப்பட்ட கடைசி ஆண் ஆமை 2012 இல் இறந்ததோடு அற்றுப்போனது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும், பூங்காவின் பெரும்பாலான இடங்களுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல வேண்டும், பழங்களையும் விதைகளையும் தன்னிச்சையாகக் கொண்டுவரக் கூடாது என்பன போன்ற இன்றைய விதிகளின் பின்னணி இதுவே.

திட்டமிடுவோர் பொதுவாக எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதிலிருந்து தொடங்குவர். எந்த உயிரினத்தைக் காண வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. ஏனெனில் ஒரு தீவில் உள்ளது அடுத்த தீவில் இல்லை. பறக்க இயலாத நீர்க்காகம் பெர்னாண்டினாவிலும் இசபெலாவின் கரைகளிலும் மட்டுமே வாழ்கிறது. கலாபகஸ் அல்பட்ராஸ் ஏறக்குறைய முழுவதும் எஸ்பனோலா தீவிலேயே கூடு கட்டுகிறது. அதுவும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரைதான். பிப்ரவரியில் அங்கு செல்பவர் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்ப நேரிடும். இராட்சத ஆமைகளைக் காண்பது எளிது. சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலப் புல்வெளிகளில் அவை ஆண்டு முழுவதும் உண்டு.

காலநிலை இரண்டு. ஏறத்தாழ ஜனவரி முதல் மே வரை வெப்பமும் மழையும் இருக்கும். கடல் அமைதியாகவும் நீர் வெதுவெதுப்பாகவும் இருப்பதால் நீந்துவோர்க்கு ஏற்றது. கடலாமைகள் முட்டையிடுவதும் இக்காலத்தில்தான். ஜூன் முதல் நவம்பர் வரை ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் வலுக்கிறது. வானம் மூடிக்கொள்ளும், மேட்டுநிலத்தில் தூறல் இருக்கும், கடல் கொந்தளிக்கும். ஆனால் குளிர்ந்த நீரில் மீன்வளம் பெருகுவதால் கடற்பறவைகளுக்கு இதுவே செழிப்பான காலம். எல் நீனோ ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகும். 1982–83 இல் கலாபகஸ் பென்குவின்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது.

அடுத்தது, படகிலேயே தங்குவதா அல்லது ஊரில் தங்கிப் பகல் பயணம் செல்வதா என்பது. மக்கள் வாழும் சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா, புளோரியானா ஆகிய தீவுகளில் தங்குவது செலவு குறைந்தது. கடற்பேரோந்தி, ஆமை, கடற்சிங்கம், நீலக்கால் பூபி, இசபெலா அருகே பென்குவின் வரை இவ்வழியில் காணலாம். பெர்னாண்டினா போன்ற தொலைதூரத் தீவுகளுக்குப் பெரும்பாலும் படகில் தங்கிச் செல்பவர்களே போக முடியும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். படகு எந்த நாளில் எங்கு இறங்கும் என்பதைப் பூங்கா நிர்வாகமே வரையறுக்கிறது. ஒரே படகு ஒரு வாரம் மேற்குத் தீவுகளுக்கும் மறுவாரம் கிழக்குத் தீவுகளுக்கும் செல்லக்கூடும். எனவே விளம்பரப் படத்தை நம்பாமல், தாம் செல்லும் தேதிக்குரிய தடத்தைக் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுவது நல்லது.

கீட்டோ அல்லது குவாயாகில் நகரிலிருந்து பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் விமான நிலையங்களுக்கு விமானங்கள் செல்கின்றன. ஆகஸ்ட் 2024 முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 அமெரிக்க டாலர். எக்குவடோரின் நாணயமே டாலர்தான். தீவுகளுக்கிடையே விரைவுப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். செப்டம்பர் வாக்கில் இப்படகுகளில் குமட்டல் மாத்திரை இன்றி ஏறாதிருப்பது நலம்.