வரிகளைப் பெருக்கும் கருவி

கம்மாபுரத்து வீட்டுப் பரணில் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியைப் புதிய தொலைக்காட்சியில் இணைத்தால், படம் மங்கலாகத் தெரியும். பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்தே மாரியோ தாவுவான். அதற்குள் பள்ளத்தில் வீழ்ந்திருப்பான். இதற்குக் காரணம் என்ன?

1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமும் அதன் நகல்களும் தருவது 240 வரிப் படம். படக்குழாய்த் தொலைக்காட்சி அவ்வரிகளை வந்த கணமே வரைந்தது. புதிய தொலைக்காட்சிகள் பலவோ, அதனைப் பாதிப் படமெனக் கருதி, மறுபாதிக்குக் காத்திருந்து இணைக்கின்றன.

நல்ல உருப்பெருக்கி, அதனை முழுப்படமென உணர்ந்து, காலம் தாழ்த்தாது வரிகளை மடங்காக்கும். 2160 வரித் திரையில் 240 வரிகள் ஒன்பது மடங்காகச் சரியாகப் பொருந்தும். 1080 வரித் திரையிலோ நான்கு மடங்காக்கி, மேலும் கீழும் கறுப்பு விடுவதே தெளிவு தரும். பெட்டியின் மஞ்சள் கம்பியை ஏற்காத கருவி, எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயன்படாது.