பழைய பேட்டரியை யார் வாங்கிக்கொள்வார்?

தி.நகரில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போனால், "பழசு இருக்கா சார்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, பழசைக் கடை ஆளே வந்து தூக்கிப் போய்விடுவார். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு. ஈய பேட்டரியைத் திரும்பப் பெற 2001-லேயே விதியும் வந்துவிட்டது. அதே வீட்டு அலமாரியில் உப்பிப்போய்க் கிடக்கும் பவர் பேங்க்கை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதையும் சேர்த்து வளைத்தவை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். செல்போன் பேட்டரி முதல் மின்சார ஸ்கூட்டர் பேட்டரி வரை எல்லாம் இதில் அடக்கம். தெருவில் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியும் தப்பவில்லை! பொறுப்பு தயாரிப்பாளர் தலையில். இறக்குமதி செய்து விற்பவருக்கும் அதே பொறுப்புதான். விற்ற அளவுக்கு ஏற்பப் பழசைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. சிறிய பேட்டரிகளின் உலர் எடையில் 90 சதவீதப் பொருளை 2026-27 முதல் மீட்டெடுக்க வேண்டும் என்பது இலக்கு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? லித்தியம் அயன் செல்லில் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். காம்பாக்டர் லாரி நசுக்கும்போது அது கிழிந்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடேறி, எரியக்கூடிய திரவம் பற்றிக்கொள்ளும். தென்சென்னைக் குப்பை போய்ச் சேரும் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ அணையப் பல நாள் ஆனது. அதற்குப் பேட்டரிதான் காரணம் என்று சொல்லவில்லை. குப்பைமேட்டில் தீ பிடித்தால் என்ன பாடு என்பதற்காகச் சொல்கிறேன்.

விலை இல்லாத பொருளை விதி மட்டும் கடைக்குத் திரும்ப வரவழைத்துவிடாது. வாங்கும்போது முன்பணம் பிடித்து, பழசைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறையைத் தயாரிப்பாளர் நடத்தலாம் என்கிறது விதி. 'நடத்த வேண்டும்' என்றே எழுதியிருக்கலாம்.

நமக்கு வைத்திருக்கும் வேலை கொஞ்சம்தான்: வீட்டுக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ சேர்ப்பது. பேட்டரி மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் சொல்வதும் அதைத்தான். முனைகளில் செல்லோடேப் ஒட்டுங்கள். உப்பியதைக் குத்திப் பார்க்காதீர்கள். தூய்மைப் பணியாளரிடம் தருவதானால் தனியாக, 'இது பேட்டரி' என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.