பாய்க்கப்பலுக்கு பேட்டரி போதுமா?

ஐஸ்லாந்தின் ஹூசாவிக் துறைமுகத்தில் ‘ஓபல்’னு ஒரு மரப் பாய்க்கப்பல் இருக்கு. 1951-ல் கட்டியது. திமிங்கிலம் பார்க்க ஆட்களைக் கூட்டிட்டுப் போகும். 2015-ல் அதற்கு மின்மோட்டார் வைத்தார்கள், திமிங்கிலங்களுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போகலாம்னு.

எனக்குப் பிடிச்ச விஷயம் அதோட புரொப்பெல்லர். பாய் விரித்து ஓடும்போது தண்ணீரே அதைச் சுற்றும். மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரியை சார்ஜ் பண்ணும். மின்சார ஸ்கூட்டர்ல பிரேக் பிடிச்சா நடக்குதே, அதேதான். ஓசி கரண்ட் இல்லீங்க, கப்பலோட வேகம் கொஞ்சம் குறையும்.

சிக்கல் எடைதான். டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேல் என்ஜின் சூடாகவே போயிடும். அப்படியும் ஒரு கிலோ டீசல் தருவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒரு கிலோ லித்தியம் பேட்டரி தராது. துறைமுகத்துக்குள் நுழைய அது போதும். ஆனா புயல் கப்பலைக் கரைப் பாறை பக்கம் தள்ளுது, மணிக்கணக்கா எதிர்த்து ஓடணும்னா? அதனாலதான் பல மின்சாரப் பாய்க்கப்பல்களில் டீசல் ஜெனரேட்டரும் ஒண்ணு இருக்கு.