வெள்ளை விழுந்த விரலும் வெடிமருந்து மேல் பழியும்

ஜூன் 25, உலக வெண்புள்ளி நாள். "இது ஒட்டாது, தொட்டால் பரவாது" என்று எல்லா ஊரிலும் ஒரே பாடம்தான் நடக்கும். பாடம் சரி. ஆனால் சிவகாசியை அடுத்த தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பக்கம் அது பாதிப் பேச்சுதான். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர் கையில் வெள்ளை விழுந்தால், முதல் சந்தேகம் வெடிமருந்து மேல்தான் போகும். கந்தகம் தின்றுவிட்டது, அலுமினியத் தூள் ஊறிவிட்டது என்று முடிவாகிவிடும். காரணம் தெரிந்துவிட்ட நிம்மதியில் டாக்டரைப் பார்ப்பது தள்ளிப்போகும். வெண்புள்ளியைவிட எனக்குக் கவலை தருவது இந்த நிம்மதிதான்.

தோலின் நிறத்தைப் பறிக்கும் ரசாயனங்கள் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. 1939-லேயே அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் தொழிலாளர்களின் கைகள் வெளுத்தன. பதனிடும் திரவத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, கையைக் காக்கக் கொடுத்த ரப்பர் உறையில் கலந்திருந்த ஒரு ஹைட்ரோகுவினோன் வகைப் பொருள். 2013-ல் ஜப்பானில், சிவப்பழகுக்காகப் பூசிய கிரீமே ஆயிரக்கணக்கான பெண்களின் முகத்திலும் கழுத்திலும் வெள்ளைத் திட்டுகளைப் போட்டது. நம் ஊரில் தலைமுடிச் சாயமும் ஸ்டிக்கர் பொட்டின் பசையும் ரப்பர் செருப்பும் அதே வேலையைச் செய்கின்றன. குற்றவாளிகள் பெரும்பாலும் ஒரே குடும்பம்: பீனால், கேட்டகால் வகைகள். நிறமி செய்யும் செல் தன் மூலப்பொருள் என்று ஏமாந்து அவற்றை உள்ளே இழுத்து, அந்த நஞ்சிலேயே மடிகிறது. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியம் ஆகிய நான்கும் இந்தக் குடும்பத்தில் இல்லை. கந்தகம் சொறி சிரங்குக் களிம்பிலேயே இருந்த பொருள். சிவகாசியில் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது பழைய ஆப்செட் அச்சகங்களின் பிலிம் கழுவும் இருட்டறை. டெவலப்பரில் ஹைட்ரோகுவினோன் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மருந்துதான் காரணம் என்போரிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. பட்டாசு மருந்தில் சேரும் பெர்குளோரேட் இந்த வட்டார நிலத்தடி நீரில் இருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அது தைராய்டு அயோடினை உறிஞ்சுவதைத் தடுக்கும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறும் கூடவே வருவதுண்டு. ஆனால் வெண்புள்ளியோடு வருவது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்கும் வகை. அயோடின் தடைபடுவது வேறு கதை. சுத்தமான தண்ணீர் கேட்பதற்கு அது காரணமாகலாம், விரல் வெளுத்ததற்கு விளக்கம் ஆகாது.

பழியை இறக்கி வைத்துவிட்டுத் தோலைப் பார்த்தால், அதுவே நிறையச் சொல்லும். வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், ஓரம் தெளிவாக இருக்கும், தோல் வழவழப்பு மாறாது, உணர்ச்சி குறையாது. தேமல் பூஞ்சையால் வருவது. மெல்லிய செதில் உதிரும். தொழுநோய்த் திட்டு வெளிறியிருக்குமே தவிர முழு வெள்ளை ஆகாது, தொட்டால் உணர்ச்சி மழுங்கியிருக்கும். பிறந்ததிலிருந்தே இருக்கும் வெள்ளை வேறு இனம். ரசாயனத்தால் வருவது பொருள் பட்ட இடத்தில் சிறு சிறு பொட்டுகளாகத் தொடங்கும். வெண்புள்ளிக்குள்ளும் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்று உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக ஓடி, நடுக்கோட்டைத் தாண்டாமல், ஓரிரு ஆண்டில் வேகமாகப் பரவி நின்றுவிடும். இளவயதில் வரும், அதன் மேலுள்ள முடியும் சீக்கிரம் நரைக்கும். மற்றது இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்து வருவது. அதில் உதடு, விரல் நுனி, கால் விரல் என்று ஓரங்களைப் பிடிக்கும் வகைதான் இந்தக் கட்டுரையின் கவலை.

ஏனென்றால் நிறம் திரும்பி வருவது பெரும்பாலும் முடியின் வேரில் ஒளிந்திருக்கும் நிறமிச் செல்களிலிருந்துதான். விரல் நுனியில் முடி இல்லை. விதை நெல் இல்லாத நாற்றங்கால் அது. வெண்புள்ளி பரவும் நிலையில் இருப்பவருக்கு, தோல் உரசும் இடத்திலும் காயம் படும் இடத்திலும் புது வெள்ளை முளைக்கும். குழாய் உருட்டுவதும் திரி செருகுவதும் சரம் பின்னுவதும் நாள் முழுக்க விரல் நுனி வேலை. ஆக மருந்து செய்யாததை உரசல் செய்யலாம். தீக்காயம் இதை மேலும் குழப்புகிறது. மேலோட்டமாகச் சுட்ட தோல் சில மாதங்களில் பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். ஆழமாக வெந்த இடம் முடி வேரோடு போவதால் தழும்பாகி வெளுத்தே நிற்கும். அது வெண்புள்ளி இல்லை, பரவாது. ஆனால் தழும்பைத் தாண்டி நல்ல தோலுக்கு வெள்ளை நகர்ந்தால் அது வேறு சேதி. வெடி விபத்துகள் பார்த்த ஊரில் "அது பழைய காயம்" என்ற ஒரு சொல்லில் இந்த இரண்டும் ஒன்றாகிப் போகின்றன.

நிறம் போனால் என்ன, அதுவும் ஓர் அழகுதான் என்ற குரல் நகரங்களில் கேட்கிறது. மதிக்க வேண்டிய குரல். ஆனால் எந்த வகை என்று தெரிந்தபின் வேண்டாம் என்பது தேர்வு, தெரியாமல் விடுவது நஷ்டம். பரவும்போதே பிடித்தால் களிம்புக்கும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்கும் கேட்கும். அசையாமல் நின்ற பட்டைக்கு நிறமிச் செல்லை மாற்றி நடும் அறுவை உண்டு. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ருக்சோலிட்டினிப் களிம்பு புதிய வரவு. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதுதான் காரணம் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. கார்போகரிசி என்ற நாட்டு மருந்தைத் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கிறவர்கள் கவனிக்கவும், அளவு தப்பினால் தோல் கொப்புளிக்கும், பிறகு அந்தப் புண்ணிலும் வெள்ளை. ஒளிச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று நாள், பல மாதங்கள் போக வேண்டும். எண்ணிக்கைக் கூலியில் அத்தனை நாள் யார் விடுவார்கள் என்ற கேள்விதான் இங்கே மிகக் கனமானது; அதற்குத் தோல் மருத்துவத்தில் பதில் கிடையாது. ஒளிக் கருவி வேலை முடிந்து திரும்புகிற வழியில், சிவகாசியிலோ சாத்தூரிலோ, மாலை நேரத்தில் இயங்க வேண்டும். அது வரும்வரை விரலில் முதல் வெள்ளை தெரிந்தவர்கள் வெடிமருந்தைத் திட்டிக்கொண்டிருக்காமல், அந்த மாதத்திலேயே அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிவிடுங்கள்.