‘ஈ’ என்றால் எப்போது நல்லது?

ஜப்பானிய பாஷையைப் பயிலத் தொடங்குகிறவருக்கு முதல் பாடங்களிலேயே அறிமுகமாகிற ‘ஈ’ என்ற சொல்லுக்கு ‘நல்ல’ என்று அகராதி அர்த்தம் சொல்கிறது. ஆனால் அந்த அர்த்தம் ஒன்றையே நம்பி டோக்கியோவில் ஒரு கடைக்குள் நுழைகிறவர், சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்கித் தரட்டுமா என்று சிப்பந்தி கேட்க, சம்மதம் தெரிவிக்கும் எண்ணத்தோடு ‘ஈ தெஸ்’ என்று பதில் சொன்னால், சோறு பெரும்பாலும் ஆறியபடியே கைக்கு வந்து சேரும். இருப்பதே போதும், சூடாக்க வேண்டாம் என்பதே அந்தச் சந்தர்ப்பத்தில் அதன் பொருள். ஜப்பானியர் அதைச் சொல்லும்போது முகத்துக்கு முன் கையை லேசாக அசைப்பதும் உண்டு.

ஆகவே பின்னால் ஒட்டும் சிறு சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘நே’ சேர்ந்தால், நன்றாயிருக்கிறதல்லவா என்று கேட்பவரையும் தம் அபிப்பிராயத்தில் சேர்த்துக்கொள்ளும் இங்கிதம் பிறக்கிறது. பேஸ்புக்கின் விருப்பப் பொத்தானுக்கு அந்நாட்டில் ‘ஈ நே’ என்றே பெயர். ‘யொ’ சேர்ந்தால், பெரும்பாலும், தாராளமாகச் செய்யுங்கள் என்ற அனுமதி. மேலதிகாரியிடம் அனுமதி கேட்கையில் மட்டும் ‘ஈ’யை விட்டு ‘யொரொஷீ’ என்ற மரியாதைச் சொல்லை எடுத்துக்கொள்வது உசிதம்.

இலக்கணத்திலும் ஒரு விசேஷம் இருக்கிறது. ஜப்பானியப் பெயரடைகளில் ஒரு வகை வினைச்சொல்லைப் போலத் தானே காலம் காட்டுவது. குளிராக இருப்பது ‘ஸமுயி’, குளிராக இருந்தது ‘ஸமுக்கத்தா’. ‘ஈ’யோ ‘யொய்’ என்ற பழைய சொல் பேச்சில் தேய்ந்து உண்டான ரூபமாதலால், இறந்த காலத்துக்கும் எதிர்மறைக்கும் அந்தப் பழைய சொல்லையே நாடி, ‘யொக்கத்தா’ என்றும் ‘யொக்குனை’ என்றும் ஆகிவிடுகிறது. (ஒஸாகா பக்கத்தில் ‘ஈ’ என்பது ‘ஏ’ என்றே வழங்குவதைக் கேட்கலாம்.)

இவற்றுள் ‘யொக்கத்தா’வைப் போல மனத்துக்கு இதமான பிரயோகம் வேறில்லை என்பது என் எண்ணம். காணாமற்போன பணப்பை ரயில் நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அறிந்த கணத்தில் வாயிலிருந்து தானாக வருவது அது. நாம் ‘நல்ல வேளை!’ என்று பெருமூச்சு விடும் இடம். தாயாரின் அறுவைச் சிகிச்சை சுகமாக முடிந்தது என்று ஒருவர் சொன்னால், ‘ஸொரெ வா யொக்கத்தா தெஸ் நே’ என்று அவருடைய மகிழ்ச்சியில் பங்குகொள்ளலாம். நோய் இன்னும் தீரவில்லை என்றாலோ, சீக்கிரம் குணமானால் நல்லது என்னும் பொருளில் ‘ஹயக்கு யொக்கு நரு தொ ஈ தெஸ் நே’ என்பார்கள். பழைய ‘யொய்’யின் ரூபமும் இன்றைய ‘ஈ’யும் அந்த ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகின்றன.