உறங்கும் கணினியை எழுப்பும் முறை

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடம், வீட்டிலிருந்தே செய்யும் அலுவல், ஊரிலுள்ள பெரியவர்களின் முகம் காண்பது ஆகிய யாவும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. இடம் குறுகிய வீடுகளில் மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்துவிட்டு, தனித்திரையும் தனி விசைப்பலகையும் இணைத்துக்கொள்வோர் பலர். மேசைக் கணினி உடையவர்களோ பெட்டியைக் காலடியில் வைத்திருக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் பொதுவாக நேரும் ஒரு தொல்லையைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம். சற்று நேரம் வாளாவிருந்த கணினி உறங்கிவிடுகிறது. வெளி விசைப்பலகையில் எத்தனை முறை தட்டினாலும் எழுவதில்லை.

அப்போது பலரும் செய்வது யாது? மின் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடுகிறார்கள். கூடியவரை தவிர்க்க வேண்டிய செயல் இது. உறங்கும் கணினியில், திறந்திருந்த வேலை முழுவதும் நினைவகத்திலேதான் தங்கியிருக்கிறது. பொத்தானைச் சில வினாடிகள் விடாது பிடித்தால், சேமிக்காத எழுத்து அனைத்தும் அழிந்துபோகும். மகள் இரவெல்லாம் விழித்து எழுதிய கட்டுரை ஒரு நொடியில் மறைந்தால் அதைச் சிறிய நஷ்டம் என்று யார் சொல்வார்? மின்சாரம் திடீரென நின்றாலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே எழுந்து செல்லுமுன் சேமித்துவிடுவது முதற் கடமை.

உறக்கத்தில் இரு வகை உண்டு. 1996-ம் ஆண்டு டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்னும் விதிமுறை இவற்றை வகுத்துரைக்கிறது. ஒன்று, நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓடும் சாதாரண உறக்கம். மற்றொன்று, நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு ஏறக்குறைய முழுவதும் அணைந்துவிடும் ஆழ்துயில். இதனை ஹைபர்னேட் என்பார்கள். முன்னதில் விசைப்பலகைக்கும் மின்சாரம் கிடைத்தால் அது எழுப்பும். பின்னதில் பெரும்பாலும் எழுப்பாது. மின் பொத்தானை ஒரு முறை தொட்டு விடுவதே வழி. நெடுநேரம் உறங்கிய மடிக்கணினி தானாகவே ஆழ்துயிலுக்குப் போய்விடுவதும் உண்டு.

இனி, சோதிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, கணினி உண்மையில் உறங்குகிறதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விசையைத் தட்டும்போது அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமானால், கணினி விழித்தே இருக்கிறது. பழுது திரையிலோ, திரைக்குச் செல்லும் கம்பியிலோ இருக்கும்.

இரண்டாவது, விசைப்பலகை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியிலோ, திரையின் பின்புறத்திலோ செருகியிருந்தால், உறக்க வேளையில் அங்கே மின்சாரம் நின்றுபோகலாம். கணினியின் யுஎஸ்பி துளையிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். கம்பியில்லா விசைப்பலகையாயின் பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத் வகை விசைப்பலகைகள் எல்லாக் கணினிகளையும் எழுப்ப வல்லவை அல்ல.

மூன்றாவது, விண்டோஸ் கணினியில் அனுமதி உள்ளதா என்று காணுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீபோர்ட்ஸ் என்னும் பிரிவில் உங்கள் விசைப்பலகையைத் தேர்ந்து, ப்ராபர்ட்டீஸில் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்துக்குச் செல்லுங்கள். இச்சாதனம் கணினியை எழுப்பலாம் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கட்டத்தில் குறியிடுங்கள். ஒரே விசைப்பலகை இரண்டு மூன்று பெயர்களாகத் தோன்றுமானால் ஒவ்வொன்றிலும் குறியிடுவது நலம். சில புதிய மடிக்கணினிகளில் இப்பக்கமே காணப்படாது. அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

நான்காவது, பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பு. கணினி தொடங்கும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்திப் பல கணினிகளில் இதற்குள் நுழையலாம். யுஎஸ்பி வேக் என்னும் வசதி இருப்பின் அதை இயங்கச் செய்யுங்கள். ஈஆர்பி என்றொரு அமைப்பும் சிலவற்றில் உண்டு. அணைத்து வைத்த கருவி 2013 முதல் அரை வாட்டுக்கு மேல் மின்சாரம் கொள்ளலாகாது என்ற ஐரோப்பிய விதியை ஒட்டி வந்தது இது. இது இயங்கும்போது பல கணினிகளில், குறிப்பாக ஆழ்துயிலிலும் அணைந்த நிலையிலும், விசைப்பலகைக்கு மின்சாரம் கிடைப்பதில்லை. பயாஸில் வேறெதையும் தொடாமல் வெளியே வருவது விவேகம்.

ஐந்தாவது, மூடி வைத்த மடிக்கணினி. ஆப்பிள் மடிக்கணினியை மூடியபடி வெளித்திரையுடன் உபயோகிக்க விரும்பினால் மின்னிணைப்பும் இருத்தல் வேண்டும். மின்னேற்றி கழன்றிருப்பின் விசைப்பலகையைக் குறை கூறிப் பயனில்லை. வேறு சில மடிக்கணினிகள் மூடியிருக்கும்போது வெளி விசைக்குச் செவிசாய்ப்பதில்லை. மூடியைத் திறந்தவுடன் எழுந்துவிடும்.

இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. அயல்மொழி பேசும் ஊரில், பழுதை விளக்கிச் சொல்ல இயலாமல், வேண்டாத உறுப்பை விலை கொடுத்து மாற்றிக்கொண்டு திரும்பும் சங்கடம் நம்மவர்க்குப் புதிதன்று. கடைக்குப் போகுமுன் இவ்வைந்தையும் பார்த்துவிட்டால், எங்கே கோளாறு என்று தெளிவாகச் சொல்லவாவது முடியும்.

எல்லாம் செய்தும் எழவில்லையாயின், உறங்கும் நேரத்தை நீட்டி, திரை மட்டும் அணையும்படி அமைத்துக்கொள்ளலாம். மின்சாரம் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவே. குனிந்து பெட்டியைத் தொட இயலாத பாட்டி, பகலில் தனியே இருந்து பேரனின் அழைப்பை எதிர்பார்க்கும் வீடுகளில் இதுவே நல்லது. உங்கள் வீட்டில் பலித்த வழி எதுவோ, அதை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.